சீனாவில் கைடு இல்லாமல் பைக் பயணம்: எதுவரை முடியும்?

சாலைப்பித்தன் (சிங்கப்பூர்)

செங்டுவிலிருந்து ஜி318 சாலையில் மேற்கே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஷாங்காயில் தொடங்கி நேபாள எல்லை வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சாலை அது. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் ஏஜென்ஸிகளிடம் கேட்டால் கைடு, கைடுக்கு ஒரு கார், அவருக்கு ஹோட்டல், சாப்பாடு என்று செலவுப் பட்டியலை நீட்டுகிறார்கள். சொந்த வண்டியைக் கொண்டுபோனால்தானே இந்தத் தொல்லை? செங்டுவில் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரில் ஒரு பழைய சிஎஃப்மோட்டோ பைக் வாங்கி, சுற்றிவிட்டுத் திரும்பி வந்து விற்றுவிடலாம் என்று யோசிக்கிறேன். உள்ளூர் நம்பர் பிளேட் இருந்தால் யார் நிறுத்திக் கேட்கப் போகிறார்கள்?

பினாங்கு பைக்கர்

தம்பி, நிறுத்திக் கேட்பார்கள். கேட்டால் என்ன காட்டுவாய்? உன் இன்டர்நேஷனல் பெர்மிட் சீனப் பெருநிலத்தில் செல்லாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 200 முதல் 2,000 யுவான் வரை அபராதம், 15 நாள் வரை காவலும் வைக்கலாம். இது அவர்களுடைய சாலைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

நான் தாய்லாந்து, லாவோஸ் வழியாகப் போத்தேன் எல்லையில் என் சொந்த வண்டியோடு உள்ளே போனேன். கைடு கூடவே வந்தார். கார்னே என்கிற வண்டிப் பாஸ்போர்ட்டைச் சீனா ஏற்பதில்லை. சுங்கத்துக்கு உத்தரவாதம், தற்காலிக நம்பர், தற்காலிக லைசென்ஸ் எல்லாம் ஏஜென்ஸி வழியாகத்தான் நடந்தன. குழுவாகப் போனால் செலவு பங்காகிவிடும். வழியில் எங்கள் ஆள் ஒருவருக்கு உயர நோய் வந்தபோது ஆஸ்பத்திரியில் பேசியதும், படிவம் நிரப்பியதும், மருந்து எழுதி வாங்கியதும் அந்தக் கைடுதான். அவருக்குக் கொடுத்த காசை நான் வீண் செலவு என்று சொல்லவே மாட்டேன்.

சாலைப்பித்தன்

அண்ணே, அது உங்களுக்குச் சரி. எனக்கு வேண்டியது ஒரு கிராமம் பிடித்திருந்தால் இரண்டு நாள் அங்கேயே தங்குவது. கைடு இருந்தால் புறப்படும்போதே கொடுத்த தேதிப்படிதான் ஓட வேண்டும். இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று. அதற்கு பஸ்ஸில் உட்கார்ந்தே போகலாமே. 2022-லிருந்து சீனாவில் குறுகிய காலம் தங்குபவர்களுக்குத் தற்காலிக லைசென்ஸ் எடுப்பது எளிது என்றும் படித்தேன்.

செங்டுவாசி

வேலை நிமித்தம் செங்டுவில் இருக்கிறேன். கைடு இல்லாமல் பைக் ஓட்டுகிறேன், சட்டப்படி ஓட்டுகிறேன். அதனால் உங்கள் இருவரோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு.

முதலில் சாலைப்பித்தனுக்கு. மூன்று மாதத்துக்குள் தங்குபவர்களுக்கான தற்காலிக அனுமதியை வைத்து இங்கே வாடகைக்கு எடுத்து ஓட்டக்கூடியது சிறிய கார்தான். பைக்குக்கு அது உதவாது. பைக்குக்கு வேண்டியது 'இ' (E) வகை லைசென்ஸ். மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்க அனுமதி உள்ளவர்கள்தான் தங்கள் நாட்டு லைசென்ஸை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க முடியும். உங்கள் லைசென்ஸில் பைக் இருந்தால் மொழிபெயர்ப்பு, உடல் பரிசோதனை, பிறகு எழுத்துத் தேர்வு. 100-க்கு 90 மதிப்பெண் எடுக்க வேண்டும். விசா இல்லாத 30 நாளில் வருபவருக்கு அந்தக் கதவே திறக்காது.

நண்பர் பெயரில் வண்டி வாங்கும் யோசனைதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. கட்டாயக் காப்பீடு வண்டிக்கு இருக்கும். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவருக்கு அடிபட்டால், கம்பெனி தான் கட்டிய பணத்தை ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கும். நடந்து போகிறவர்மீது மோதினால், ஓட்டுநர் பக்கம் தவறே இல்லாவிட்டாலும் 10 சதவீதம் வரை அவர் பொறுப்பு என்று இங்கே சட்டம் சொல்கிறது. தவறு இருந்தால் சொல்லவே வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உங்கள் நண்பர் காவல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருப்பார். அடிபட்டவர் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

அப்புறம் பினாங்கு அண்ணனுக்கு. கைடு இல்லாவிட்டால் ஆபத்து என்பது போல நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். முறையான லைசென்ஸ், சொந்தப் பெயரில் பதிவான வண்டி, காப்பீடு மூன்றும் இருந்தால் மேற்கு சிச்சுவான், யுன்னான், குய்சோ மாநிலங்களில் தனியாகச் சுற்றுவது அருமையான அனுபவம். காங்டிங் தாண்டி, 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லித்தாங் வரை போய், அங்கிருந்து தெற்கே சியாங்செங் வழியாக ஷாங்ரிலா இறங்கலாம். வழியில் மழைக்கு ஒதுங்கிய வீட்டில் வெண்ணெய்த் தேநீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். கூட ஒரு கைடு இருந்தால் அந்த வீட்டுக்காரர் கைடோடுதான் பேசுவார், என்னோடு பேச மாட்டார்.

பினாங்கு பைக்கர்

நீங்கள் அங்கே குடியிருப்பவர், மொழியும் தெரியும். அதை எல்லோருக்கும் அளவாக வைக்காதீர்கள். சரி, ஜி318-இல் மேலே மேற்கே போனால்?

செங்டுவாசி

பாத்தாங் தாண்டியதும் ஜின்ஷா ஆறு. அக்கரை திபெத் தன்னாட்சிப் பகுதி. அங்கே வெளிநாட்டவருக்கு நுழைவு அனுமதி, ஏஜென்ஸி, கைடு மூன்றும் கட்டாயம். சீனாவில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அதே விதிதான். யுன்னான் பக்கம் ஜி214-இல் வடக்கே போனாலும் தெச்சின் தாண்டியதும் அதே கதை. வழக்கமாக பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுக்க வெளிநாட்டவரைத் திபெத்துக்குள் விடுவதும் இல்லை. நல்ல சாலை, நல்ல வானிலை, வண்டி தயாராக நிற்கிறது, கண்ணெதிரே பாலம். இருந்தும் திரும்பத்தான் வேண்டும். எனக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை.

காரகோரம் ஆசை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். காஷ்கரிலிருந்து பாகிஸ்தான் எல்லையில் இருக்கும் குஞ்சராப் கணவாய் வரை தனியாகப் போகலாமா? 4,693 மீட்டர் என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

செங்டுவாசி

வழியில் வரும் தாஷ்குர்கான் பக்கம் எல்லைப் பகுதி அனுமதி வேண்டும். சின்ஜியாங்கில் சோதனைச் சாவடிகள் அதிகம், பெட்ரோல் பங்கிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். அந்தப் பக்கத்துக்குப் பினாங்கு அண்ணன் சொல்வதுபோல ஏஜென்ஸியோடு போவதையே நானும் சொல்வேன்.

பினாங்கு பைக்கர்

அப்படியென்றால் பாதிக்குப் பாதி நான் சொன்னதுதானே? நீங்கள் சொல்லும் தனிப்பயணம் அங்கே குடியிருப்பவர்களுக்கானது. எங்களைப் போல எல்லை தாண்டி வருகிறவர்களுக்குச் சொந்த வண்டியும் வேண்டும் என்றால் கைடுதான்.

செங்டுவாசி

இன்றைய விதிப்படி உங்கள் கணக்கு சரி. விதி நியாயமா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. எல்லையில் வண்டியைச் சோதித்து, காப்பீடு போட்டு, தேர்வு வைத்து அனுப்பலாமே. குடியிருப்பவர் எழுதும் அதே தேர்வை விருந்தினரும் எழுதட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவரோடு ஒரு ஆளையும் ஒரு காரையும் சேர்த்து அனுப்புவதால் சாலை பாதுகாப்பாகிவிடாது.

பினாங்கு பைக்கர்

சிகப்பு விளக்கில் வலப்புறம் திரும்பலாம் என்பதும், சத்தமே இல்லாமல் நடைபாதையிலிருந்து இறங்கும் மின்சார ஸ்கூட்டர்களும் தேர்வு எழுதியதும் கைவந்துவிடாது. நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். முதல் வாரம் முன்னால் ஒரு கார் வழிகாட்டிப் போனது எனக்குப் பெரிய துணை. இதில் நான் மாற மாட்டேன்.

சாலைப்பித்தன்

நண்பர் பெயரில் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். அவரை மாட்டிவிட எனக்கு மனசு வராது. அடுத்த ஆண்டு எங்கள் கம்பெனியில் செங்டு கிளைக்கு ஆறு மாதம் அனுப்பக் கேட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால் 'இ' லைசென்ஸ். கிடைக்காவிட்டால் அண்ணே, உங்கள் குழுவில் ஒரு இடம்.

பினாங்கு பைக்கர்

இடம் உண்டு தம்பி.

செங்டுவாசி

கிடைத்தால் முதலில் நகர விதியைப் பாருங்கள். குவாங்சோ போன்ற நகரங்களில் பைக்குக்கே தடை. விரைவுச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்று தேசிய விதி சொன்னாலும் பல மாநிலங்கள் உள்ளே விடுவதில்லை. பல பெட்ரோல் பங்குகளில் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் தரும் கெட்டில் மாதிரியான பாத்திரத்தில் பிடித்து ஊற்ற வேண்டும். கூகுள் மேப் உதவாது, அமேப் (Amap) என்கிற சீன மேப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையில் மேற்கு சிச்சுவானில் மண் சரியும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, ஜி318 முழுக்க கார்களாக நிற்கும். செப்டம்பர் நடுவில் கிளம்புங்கள், காங்டிங் வரை நானும் வருகிறேன்.