ஹேண்டலின் ‘டிக்ஸிட் தோமினுஸ்’: ஜெபமா, குரல் வித்தையா?

ஆல்டோ_வரிசை:
மூன்று மாதமாக எங்கள் பாடகர் குழுவில் இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘டிக்ஸிட் தோமினுஸ்’ ஒத்திகை. 110ஆம் சங்கீதம், லத்தீனில். பாடப் பாட ஓர் உறுத்தல் வளர்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். இது ஜெபமே இல்லை. ரோமில் 1707இல், 22 வயது ஜெர்மன் இளைஞர் ஒருவர், அதுவும் லூத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கப் பெரிய மனிதர்கள் முன்னால் தன் திறமையைக் கடை விரித்திருக்கிறார். ஓபரா என்ற இசை நாடகத்துக்கு அங்கே அப்போது தடை. மேடையில் காட்ட முடியாததைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார். ‘கோன்குவஸ்ஸாபித்’ என்று வருகிறதே, தலைகளை நொறுக்குவார் என்ற வரி. ‘ஸா’ என்ற ஒரே அசையைத் துண்டு துண்டாக வெட்டி, ஐந்து குரலும் சேர்ந்து ஆணி அடிக்கிற மாதிரி பாட வேண்டும். அதைப் பாடிவிட்டு எப்படி மனம் ஒடுங்கும்?

தெற்குவாசல்:
அக்கா, நொறுக்குவது ஹேண்டல் இல்லை, சங்கீதம். நம் தமிழ் வேதாகமத்திலேயே அந்த வசனத்தில் பிரேதங்கள் கிடக்கின்றன. அதை மென்மையாக இசையமைத்தால் அதுதான் பொய். ஞாயிறு மாலை வழிபாட்டில் முதலில் வரும் சங்கீதம் இது, காலங்காலமாக ஓதப்பட்டது. முதல் பகுதியில் மற்றக் குரல்கள் பாய்ந்து ஓடும்போது சோப்ரானோ, அதாவது உச்சக் குரல், நீள நீளமாக ஒரு மெட்டைப் பிடிக்கிறதே, அது அந்தப் பழைய ஓதல் மெட்டுதான். ‘பிதாவுக்கு மகிமை’ என்று முடிக்கும் கடைசிக் குளோரியாவிலும் திரும்ப வருகிறது. பகட்டுக்கு எழுதுகிறவருக்கு அது எதற்கு?

ஆல்டோ_வரிசை:
மெட்டு இருக்கிறது, மறுக்கவில்லை தம்பி. ஆனால் அந்தக் குளோரியாவில் ‘ஆமென்’ வரைக்கும் மூச்சு எங்கே விடுவது என்று பக்கம் பக்கமாகப் பென்சிலில் குறித்திருக்கிறேன். கண் அந்தக் குறிகளிலேயே இருக்கிறது. யாரைத் துதிக்கிறோம் என்ற நினைப்பே வருவதில்லை.

இரண்டாம்_வியோலா:
இதில் வியோலாவுக்கே, வயலினைவிடச் சற்றுப் பெரிய அந்தத் தந்திக் கருவிக்கே, இரண்டு வரிசை. அதில் ஒன்றை வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நொறுக்குகிற வரியில் வரும் சொல் ‘காபித்தா’, தலைகள். அடுத்த பகுதி ‘தே தொர்ரெந்தே’, வழியில் ஓடும் ஆற்றில் குடித்துத் தலையை எடுப்பார் என்ற வசனம். அங்கே ‘காபுத்’, அதே தலை. ஹேண்டல் இங்கே என்ன செய்கிறார் பாருங்கள். சம்மட்டியைக் கீழே வைத்துவிடுகிறார். இரண்டு சோப்ரானோ ஒன்றோடொன்று உரசி உரசி விலகுகின்றன. தந்திகள் ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் விடுகின்றன. ஆண்கள் மட்டும் ஒரே சுரவரிசையில், அடங்கிய குரலில், ‘ஆகையால் தலையை எடுப்பார்’ என்கிறார்கள். வெற்றி வசனம் அது. முழக்கியிருக்கலாம், முழக்கவில்லை. அந்த இடத்தில் வில்லைப் பிடித்த கை எனக்கு நடுங்கியது.

ஆல்டோ_வரிசை:
அந்தப் பகுதியில் ஆல்டோவுக்கு, சோப்ரானோவுக்குக் கீழே வரும் எங்கள் குரலுக்கு, வேலையில்லை. உட்கார்ந்து கேட்கிறேன், கண் கலங்குகிறது, உண்மைதான். ஆனால் அது முடிந்ததும் குளோரியா வந்து அடித்துக்கொண்டு போய்விடுகிறது. என் கருத்து மாறவில்லை.

தெற்குவாசல்:
நொறுக்குகிற பகுதி இல்லாமல் அந்தக் கண்ணீர் வந்திருக்குமா அக்கா?

ஆல்டோ_வரிசை:
தெரியவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் நடத்துனரிடம் ஒன்று கேட்கப் போகிறேன்: ‘கோன்குவஸ்ஸாபித்’ முடிந்து ‘தே தொர்ரெந்தே’ தொடங்கும்முன் நன்றாக ஒரு மூச்சு நிறுத்த முடியுமா என்று.