நுழைவுச்சீட்டே இல்லாத இடத்துக்குத் தேவை எவ்வளவு என்று எப்படி அளப்பது?

புல்வெளி: எம்.ஏ. பொருளாதாரம், கடைசி செமஸ்டர். கிராமப்புறத்தில் நடை, சைக்கிள், மலையேற்றம் போன்றவற்றுக்கு அரசு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது என் ஆய்வு. தேவைக் கோடு (என்ன விலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று காட்டும் கோடு) வரைய விலை வேண்டும். இங்கே விலையே இல்லை. பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளை எண்ணினால் போதும் என்கிறான் நண்பன். எனக்கு என்னவோ உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை: பயணச் செலவு முறையைப் படியுங்கள். 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவைக்கு பொருளாதார அறிஞர் ஹரால்ட் ஹோட்டெலிங் எழுதிய கடிதத்தில் வந்த யோசனை. 1959இல் இன்னொரு பொருளாதார அறிஞர் மேரியன் கிளாசன் விரித்து எழுதினார். உள்ளே போக இலவசம், போய்ச் சேர இலவசமில்லை; அந்தப் பயணச் செலவுதான் விலை. எவ்வளவு தூரத்திலிருந்து, அங்கே வசிக்கும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால் கோடு கிடைக்கும். பயண நேரத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்பதில்தான் அடிதடி.

ஓய்வுபெற்றவன்: அதுவும் வந்தவர்கள் கணக்குதானே, தம்பி. ஒன்பது வருடம் பாதைகளில் ஆள் எண்ணியவன் நான். கம்பத்தில் அகச்சிவப்புக் கதிர்ப் பெட்டி இருக்கும். இருவர் கைகோத்துப் போனால் ஒருவர் என்று காட்டும். உயரமான நாயும் ஒரு ஆள். போன வழியே திரும்பினால் இரண்டு பேர். அதனால் மாதம் இரண்டு நாள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணால் எண்ணித் திருத்துவோம். இந்தப் பிழையெல்லாம் சமாளிக்கக்கூடியது.

ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நிறுத்தினார்கள். எண்ணிக்கை விழுந்தது. கூட்டத்தில் ஒரு அதிகாரி என் அட்டவணையையே காட்டி, "மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, பராமரிப்புப் பணத்தைக் குறைக்கலாம்" என்றார். என் பெட்டியே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

பொதுமக்கள் நுழையத் தடை இருந்த இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரலுக்கு முன் யாராவது ஆள் எண்ணியிருந்தால்? எஸ்டேட் காவலாளிகள்தான் பெரும்பாலும் தேறியிருப்பார்கள். தேவை இல்லாமலா அந்த ஏப்ரலில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்து இளைஞர்கள் தடையை மீறி ஏறினார்கள்? ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காச் சட்டம் வந்தது 1949இல். மேட்டுநிலங்களில் பரவலாக நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். கதவு திறக்கிற அளவுக்குத்தான் எண்ணிக்கை தெரியும்.

கணக்குப்பிள்ளை: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறந்தபின் வரும் செலவையும் சொல்லுங்கள். 1965இல் திறந்த இங்கிலாந்தின் பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் கரிச்சேற்று நிலம் மிதிபட்டே குழைந்து, பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களைக் கொண்டுவந்து பதிக்க வேண்டியதாயிற்று.

ஓய்வுபெற்றவன்: அதனால்தான் பராமரிப்புப் பணத்தில் கை வைக்காதே என்கிறேன்!

புல்வெளி: சரி சார், வராதவர்களை எங்கே போய்ப் பிடிப்பது?

ஓய்வுபெற்றவன்: பாதையில் நிற்காதீர்கள். நகரத்தில் வீடு வீடாகப் போங்கள். "போனீர்களா" என்று மட்டும் கேட்காமல், "கடைசியாகப் போக நினைத்து ஏன் விட்டீர்கள்" என்று கேளுங்கள். பேருந்து, ஓய்வுநாள், கூட வர ஆளில்லை, பயம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலி வேண்டுமானால் என்னுடையது இருக்கிறது, ஒரு கால் மட்டும் ஆடும்.