மரபுவழிப் புற்று என்று ரிப்போர்ட் வந்த பிறகு: சிகிச்சை, காப்பீடு இரண்டிலும் நீங்கள் பட்டது என்ன?

கார்த்திகைப்பூ

இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று வந்தது, அதாவது ஹார்மோன் மருந்துகளும் ஹெர்2 மருந்துகளும் பிடிக்காத வகை. நாற்பது வயதுகூட ஆகாததால் ஆன்காலஜிஸ்ட் அன்றைக்கே மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். கீமோ பாதியில் இருக்கும்போது ரிப்போர்ட் வந்தது: பிஆர்சிஏ1 பாசிட்டிவ். புற்றைத் தடுக்க உதவும் அந்த மரபணுவில் பரம்பரையாக வரும் பழுது. அதுவரை ஒரு கட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து வலது மார்பு, சினைப்பை, தங்கை, மகள் என்று எல்லாமே பேச்சுக்குள் வந்துவிட்டது.

சிகிச்சையில் என்ன செய்வது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. மரபணு ஆலோசகர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். இந்த மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருவது ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு, சினைப்பைப் புற்று சுமார் 44 சதவீதம் பேருக்கு. மார்பையாவது எம்ஆர்ஐ, மேமோகிராம் என்று கண்காணிக்கலாம். சினைப்பைக்கு அப்படி நம்பிக்கையான கண்காணிப்பு கிடையாது. ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் நேரத்தோடு காட்டிக்கொடுக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் பிஆர்சிஏ1 என்றால், பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்கு 35இலிருந்து 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். சரி, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

காப்பீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். முன் அனுமதிக்கு அனுப்பியதில் இடது மார்புக்கு மட்டும் சம்மதம் வந்தது. வலது மார்பும் சினைப்பைகளும் 'நோயற்ற உறுப்புகள், தடுப்பு நடைமுறைகளுக்குப் பாலிசியில் இடமில்லை' என்று பதில். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் போய், அவர்கள் அனுப்பிய படிவத்தைக் காட்டச் சொன்னேன். நோயறிதல் என்ற கட்டத்தில் 'இடது மார்பகப் புற்று' என்று மூன்று சொல், அவ்வளவுதான். மரபணு ரிப்போர்ட் கடைசி இணைப்பாக, பில்களுக்குக் கீழே கிடந்தது. அதை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் சர்ஜனே தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். என்ன மாற்றம், ஏற்கெனவே ஒரு பக்கம் புற்று, அம்மா சினைப்பைப் புற்றில் இறந்தது, சிகிச்சை வழிகாட்டியில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது, இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே பக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் அவரோடு போனில் பேசினார். இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. மார்பு மறுசீரமைப்பை மட்டும் 'அழகு அறுவை' என்று தள்ளிவிட்டார்கள். அதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறேன், இன்னும் பதிலில்லை. யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய கோப்புக்காரன்

சகோதரி, நான் முன்பு கிளைம் பரிசீலனைப் பக்கம் வேலை பார்த்தவன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

ஒரு கோப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். முதலில் கண்ணில் படுவது நோய்க் குறியீடு. மார்பகப் புற்றுக்கு சி50. புற்று அபாயத்துக்காக முன்கூட்டிச் செய்யும் அறுவைக்கு இசட்40.0. இரண்டாவது மட்டும் தனியாக வந்தால் நாங்கள் 'தடுப்பு' தட்டில் போட்டுவிடுவோம். உங்களுக்கு இரண்டும் உண்மை என்பதால் இரண்டும் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லாததை எழுதச் சொல்லவில்லை, இருப்பதை முழுசாக எழுதச் சொல்கிறேன்.

மறுத்தால் கோபத்தில் போன் போடாதீர்கள். போனில் பேசுகிறவருக்கு எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது. 'எந்த ஷரத்தின்படி மறுத்தீர்கள், ஷரத்து எண்ணோடு எழுத்தில் கொடுங்கள்' என்று ஒரே ஒரு மெயில் போதும். அந்த ஷரத்தைப் பாலிசியில் எடுத்து வாசியுங்கள். மறுசீரமைப்பு விஷயத்தில் பல பாலிசிகளில் அழகு அறுவையை விலக்கிவிட்டு, அதே பத்தியிலேயே 'விபத்து, தீக்காயம், புற்றுநோய் காரணமான மறுசீரமைப்பு தவிர' என்று இருக்கும். மறுப்புக் கடிதத்தில் முதல் பாதிதான் வரும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ரெடிமேட் வாசகத்தை ஒட்டி அனுப்புவதால் வரும் வினை அது. நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டையும் நிராகரித்தால், அதற்கு மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருப்பார். கெடுத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஊர்க்குருவி

என் மனைவிக்கு சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை, பிஆர்சிஏ2 (பிஆர்சிஏ1 மாதிரியே இன்னொரு மரபணு). அறுவை, கார்போபிளாட்டின் கீமோ எல்லாம் முடிந்து கட்டி சுருங்கிய பிறகு ஒலாபரிப் மாத்திரை ஆரம்பித்தார்கள். செல் தன் மரபணுச் சேதத்தைச் சரிசெய்யப் பல வழி வைத்திருக்குமாம். பிஆர்சிஏ பழுதானால் ஒன்று போய்விடும். இந்த மாத்திரை இன்னொன்றையும் அடைக்கிறது, புற்றுச் செல் தப்புவது கஷ்டமாகிவிடும். 2018இல் வெளிவந்த சோலோ-1 ஆய்வுக்குப் பிறகு இந்த நிலையில் இரண்டு வருடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது என்றார் டாக்டர்.

எங்கள் பாலிசி படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கும் டே கேர் கீமோவுக்கும் பணம் தந்தது. வீட்டில் விழுங்கும் மாத்திரைக்குத் தரவில்லை. இரண்டும் புற்று மருந்துதான், ட்ரிப்பில் ஏறினால் சிகிச்சை, வாயில் போட்டால் மருந்துக்கடை பில்! கடைசியில் பாலிசியின் பின்பக்கங்களில் 'வாய்வழிக் கீமோ' என்று நவீன சிகிச்சைகள் பட்டியலில் ஒரு வரி இருந்ததை ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர்தான் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு உச்சவரம்போடு. மீதிக்கு மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டத்தில் விண்ணப்பித்தோம்.

இன்னொன்று யாரும் சொல்லித் தராதது. வழக்கமான அளவு காலை இரண்டு, இரவு இரண்டு, எல்லாம் 150 மில்லிகிராம். ஆரம்ப மாதங்களிலேயே ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அதனால் வேளைக்கு 250 என்று குறைத்தார்கள். மாத்திரையை உடைக்கக் கூடாது. ஒரு 150, ஒரு 100 என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். அனுமதியோ 150க்கு மட்டும் வாங்கியது. 100க்குத் திரும்பவும் முதலிலிருந்து ஃபாரம். இப்போது அளவு மாறும் என்று டாக்டர் வாயைத் திறந்த உடனே நான் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு ஓடிவிடுவேன்.

நிலாமுற்றம்

எனக்கு நோய் இல்லை. அக்காவுக்கு வந்து, அவளைத் தொடர்ந்து எனக்கும் பாசிட்டிவ். நோயாளியும் இல்லை, நோய் இல்லாதவள் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாத இந்த நிலையை எந்தப் படிவத்திலும் குறிக்க இடம் கிடையாது.

வருடா வருடம் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 25 வயதிலிருந்து அது, 30க்குப் பிறகு மேமோகிராமும் சேரும். என் பாலிசி இதை வழக்கமான ஹெல்த் செக்கப் என்றே பார்க்கிறது. சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன், என் வரையில் நடக்கவில்லை. கைக்காசுதான்.

ரத்தம் கொடுக்கும் முன்பே என் ஆலோசகர் ஆயுள் காப்பீடு பற்றிக் கேட்டார். அப்போது எனக்கு எரிச்சல்கூட வந்தது. ஆனால் அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2008இல் வந்த ஜினா சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணு முடிவைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது. கனடாவில் 2017இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் அகலமானது, அங்கே உச்ச நீதிமன்றமும் 2020இல் அதை உறுதிப்படுத்தியது. நாட்டுக்கு நாடு மாறும், நீங்கள் இருக்கும் இடத்து விதியைப் பரிசோதனைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் விண்ணப்பத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய பாலிசி, கிளைம் நேரத்தில் காலை வாரிவிடும்.

சும்மா ஒருத்தி

சின்ன விஷயம். என் ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்தது. சுருக்கமாக வியுஎஸ் என்பார்கள். இது பாசிட்டிவ் கிடையாது. இதை வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொன்னார். பெரும்பாலானவை பிற்பாடு தீங்கற்றவை என்றே வகை மாற்றப்படுகின்றனவாம். ஆனால் காப்பீட்டுப் பதிவில் யாரோ 'பிஆர்சிஏ பாசிட்டிவ்' என்று ஏற்றிவிட்டார்கள். ஆலோசகரிடம் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்பித்தான் திருத்தினேன். உங்கள் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூணாவது தம்பி

ஆண்கள் யாரும் பேசவில்லையே, அதனால் நான். அக்காவுக்கு பிஆர்சிஏ2 என்றதும் வீட்டில் பெண்களை எல்லாம் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். என்னிடம் 'உனக்கெதுக்குடா' என்றார்கள். அப்பா வழியாக வந்தாலும் அம்மா வழியாக வந்தாலும் பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. எடுத்துப் பார்த்தேன், எனக்கும் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுக்காக 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆணுக்கும் மார்பகப் புற்று வரும், அதையும் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு இரண்டு மகள்கள். அவர்கள் பெரியவர்களாகி அவர்களே முடிவு செய்யட்டும்.

செலவு பற்றி ஒன்று: அக்காவின் முழு ரிப்போர்ட் நகலைக் கையில் வைத்திருங்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு வரி இருக்கும், அதுதான் அந்த மாற்றத்தின் அடையாளம். அதைக் காட்டினால் ஆய்வகம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கும், முழு மரபணுவையும் அலச வேண்டாம். கட்டணம் நிறையவே குறையும்.

கார்த்திகைப்பூ

கோப்புக்காரன் அண்ணா, பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே 'தவிர' என் ஷரத்திலும் இருக்கிறது! மறுப்புக் கடிதத்தில் அதற்கு முந்தைய வரியோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஷரத்து முழுவதையும் போட்டோ எடுத்து மேல்முறையீட்டு எண்ணோடு மெயில் அனுப்பிவிட்டேன், சர்ஜனுக்கும் நகல். தம்பி, அந்த நீள வரியைத் தங்கைக்கு இப்போதே அனுப்புகிறேன். அவள் முழுப் பரிசோதனைக்குப் பணம் கட்டப் போவதாக நேற்றுதான் சொன்னாள்.

ஊர்க்குருவி, ஒரு கேள்வி. எனக்கும் கீமோவுக்குப் பிறகு ஒரு வருடம் ஒலாபரிப் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். உதவித் திட்டத்தில் சேர, காப்பீடு மறுத்த கடிதம் கேட்டார்களா, இல்லை டாக்டர் சீட்டே போதுமா?