புதுக் கடல்நீர்த் தொட்டியில் பாசி அடங்க மாட்டேன் என்கிறது

ஹாரிஸ், கீழக்கரை:
200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், இரண்டும் பொரிப்பகத்தில் வளர்ந்தவை. முதலில் மணல் முழுக்கப் பழுப்புத் தூள் படிந்தது. அது குறைவதற்குள் கல்லின் மேல் பச்சை முடிப்பாசி விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. நைட்ரேட் சோதித்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். அப்புறம் எதைத் தின்று இப்படி வளர்கிறது? உப்பு கரைப்பதும், வற்றியதை நிரப்புவதும் கேன் தண்ணீரில்தான், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 70. விளக்கு காலையிலிருந்து இரவு வரை எரியும். மார்க்கெட் இறாலைப் பொடியாக அரிந்து போடுகிறேன். கடைக்காரர் பாசிக்கொல்லி ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? பின்னால் மென்பவளம் வைக்க ஆசை.

ஆன்றோ, தங்கச்சிமடம்:
தம்பி, மருந்து வேண்டவே வேண்டாம். சில பாசிக்கொல்லிகளில் தாமிரம் இருக்கும். மீன் ஓரளவு தாங்கும். நத்தையும் பவளமும் தாங்காது. கல்லில் ஊறிய தாமிரம் லேசில் வெளியே வராது. அதோடு, இருக்கிற பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். 2019 செப்டம்பரில் பூங்கோரை என்னும் நுண்ணுயிர் மண்டி நம் மன்னார் வளைகுடாக் கடல் பச்சையானதும், மீன் செத்து ஒதுங்கியதும் நினைவிருக்கும்.

பழுப்புத் தூள் டயாட்டம், சிலிக்கேட்டை எடுத்து வளரும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் வரும், சிலிக்கேட் தீர்ந்ததும் போகும். உங்கள் தொட்டியில் அது தீராததற்குக் காரணம் கேன் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் தொட்டி எவ்வளவு வற்றும் என்று பாருங்கள். சூடு தணிக்க மேலே ஃபேன் வைத்தால் இன்னும் வேகமாக வற்றும். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர் மட்டும். சிலிக்கேட், பாஸ்பேட் எல்லாம் உள்ளேயே தங்கும். அதன் மேல் தினமும் கேன் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவை சேர்ந்துகொண்டே போகும். கேனை விட்டுவிட்டு ஆர்ஓ வடிகட்டித் தண்ணீர் எடுங்கள், அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டுங்கள். டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நான் முதலில் பணம் போடச் சொல்வது இதற்குத்தான், விளக்குக்கு இல்லை.

நைட்ரேட் பூஜ்யம் என்பதை நம்ப வேண்டாம். வருவதையெல்லாம் பாசி உடனே உறிஞ்சிவிடுகிறது, மிச்சத்தைத்தான் உங்கள் சோதனை காட்டுகிறது. இறாலை டீ வடிகட்டியில் போட்டு நல்ல தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள். அந்தக் கலங்கல் சாறு முழுக்கப் பாஸ்பேட். விளக்கு 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழுகிறதா என்பதையும் பாருங்கள்.

முடிப்பாசியைக் கையால் பிடுங்குவதுதான் வழி. தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சு குழாயின் வாயைப் பாசியின் அடியில் வைத்துக்கொண்டு, வேரோடு கிள்ளுங்கள். துணுக்குகள் குழாயோடு போய்விடும். மிதக்க விட்டால் அடுத்த கல்லில் ஒட்டும்.

முருகன், ஏர்வாடி:
கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேன் தண்ணீரில் உப்பு கரைக்க வேண்டுமா அண்ணே? கரையில் மொண்டு வந்தால் ஆகாதா?

ஆன்றோ, தங்கச்சிமடம்:
ஆகும், காலம் பார்த்து எடுத்தால். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், வாடையில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும். மழைக்குப் பிறகு உப்பும் இறங்கியிருக்கும். படகு கட்டும் இடத்தில் எடுக்கவே கூடாது. தெளிந்த நாளில் எடுத்து, துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் வைத்துக் காற்று விடுங்கள். அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றலாம். வற்றியதை ஈடுகட்ட மட்டும் கடல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு ஏறிக்கொண்டே போகும்.

செல்வராணி, சின்னப்பாலம்:
எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைக் கல்லிலிருந்து கிள்ளி எடுப்பார். கடலில் பாசி அடங்கி இருப்பது ஓரா மீனும் கிளிமீனும் மேய்வதால்தான். 200 லிட்டரில் ஓரா வேண்டாம், பெரிதாகும், முள்ளும் விஷம். பாசி மேயும் டர்போ நத்தை விடுங்கள், உப்பு மாற்றம் தாங்காது என்பதால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைக் கலந்து பழக்கி விடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீர் சுற்றிப் போய் வரும் துணைத் தொட்டி) இருந்தால், கடலில் பாசி வளர்க்கும் தெப்பத்திலிருந்து ஒரு கைப்பிடி கஞ்சிப்பாசி வாங்கி அதில் போட்டு இரவில் வெளிச்சம் காட்டுங்கள். மேலே முடிப்பாசி தின்பதை அது தின்றுவிடும். வளர்ந்ததை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்தால்தான் பலன். கப்பாபைகஸ் என்கிற வெளிநாட்டுப் பாசி மட்டும் வேண்டாம், கிள்ளியது எதையும் கடலில் வீசவும் வேண்டாம். குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்து மூடியதைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும்.

யாராவது தீவுப் பக்கமிருந்து கல் எடுத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. கல் பவளம் செத்ததாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம்.

ஹாரிஸ், கீழக்கரை:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. டிஐ குழாய் ஆர்டர் போட்டுவிட்டேன். விளக்குக்கு டைமர் மாட்டியாயிற்று. பின்கண்ணாடியில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன, பிளேடால் சுரண்டினாலும் வர மாட்டேன் என்கிறது. இதுவும் பாசியா?

ஆன்றோ, தங்கச்சிமடம்:
பாசிதான், ஆனால் நீங்கள் வேண்டிக்கொள்ள வேண்டிய பாசி. சுண்ணாம்புப் பாசி. கால்சியத்தை எடுத்துக் கல்லில் ஓடு போலப் படியும், அது பிடித்த இடத்தில் முடிப்பாசி எளிதில் ஏறாது. முன்கண்ணாடியில் மட்டும் சுரண்டுங்கள், மற்ற இடத்தில் விட்டுவிடுங்கள். மென்பவளம் வாங்குவதை அது கல்லிலும் பரவும் வரை தள்ளிப்போடுங்கள் தம்பி.