நாலு வாத்துக்குப் பழைய தண்ணி டேங்க் கூடு போதுமா?

கொழிஞ்சாம்பாறை தோட்டம்:
பின்கட்டுல நாலு வாத்து இருக்குதுங்க. மூடி உடைஞ்ச 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒண்ணு சும்மா கிடக்கு. அதைப் படுக்கப் போட்டு, வாய்ப்பக்கம் கம்பிவலைக் கதவு வெச்சா ராத்திரிக்குக் கூடு ஆயிருமுங்களா? ஓலை வேய்ஞ்சா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பிச்சுக்கிட்டுப் போயிருதுங்க.

முஞ்சிறைக்காரன்:
வேண்டாம் அண்ணே. ஒரு வாத்துக்கு நாலு சதுர அடியாவது வேணும். அந்த டேங்க் படுத்தா மொத்தமே பத்துதான் வரும், அதுலயும் அடி உருண்டை. வாத்து கோழி மாதிரி கம்புல ஏறாது, தரையிலதான் படுக்கும். எச்சமும் தண்ணியா இருக்கும். எல்லாம் நடுக்குழியில சேர்ந்து, விடியும்போது கண்ணு எரியுற நாத்தம். நாங்க கமுகு வாரி (பாக்குமரத்தைப் பிளந்த சட்டம்) அடிச்சு, மேல ஓலை போட்டிருக்கோம். ரெண்டு பருவமழையும் கொட்டுற ஊரு, உள்ள காஞ்சுதான் இருக்கு.

வேலந்தாவளம் அக்கா:
கமுகு வாரி இடுக்குல மரநாய் கையை விட்டா என்ன பண்ணுவீங்க தம்பி? ஓலைக்கூரையில எலி அடையும், எலி பின்னாடியே பாம்பு வரும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் கவுத்துனா முடிஞ்சுது. மேல்பக்கம் வரிசையா ஓட்டை போட்டா நாத்தமும் போயிரும்.

முஞ்சிறைக்காரன்:
உங்க பக்கம் பங்குனி, சித்திரை வெயிலு 40 டிகிரியைத் தொடுது. கருப்பு டேங்குக்குள்ள அதுகளை அவிக்கவா?

வேலந்தாவளம் அக்கா:
ராத்திரிக்கு மட்டும்தானே அடைக்கறோம்!

முஞ்சிறைக்காரன்:
வாத்து முட்டையிடுறது விடியக்காலம். முன்னாடியே திறந்து விட்டா குளத்துக்குள்ள போட்டுட்டு வரும், அதனால எட்டு ஒன்பது மணி வரை அடைச்சுதான் வைக்கணும். அந்நேரம் வெயிலு ஏறிடும்லா? இடுக்குக்கு அரை இஞ்சு வெல்டு வலை அடிச்சிருக்கேன். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ள வைக்கத்தான் லாயக்கு, நாய் கடிச்சா பிஞ்சுரும். வலையை ஒரு அடி மண்ணுக்குள்ளயும் இறக்கணும், இல்லைன்னா கீரி தோண்டி வந்துரும்.

சித்தூர் ரோடு:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. 2024 ஏப்ரல்ல ஆலப்புழையில எடத்துவா, செறுதனை வாத்துகளுக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல் வந்து, தமிழ்நாட்டு எல்லையில வாளையாறு செக்போஸ்ட்ல வண்டியெல்லாம் சோதிச்சாங்க. காட்டுப்பறவை எச்சம் விழாத கெட்டிக் கூரைதான் முக்கியம். ஓலையா டேங்கான்னு அப்புறம் அடிச்சுக்கலாம். கூட்டுக்குள்ள தீனி மட்டும் வெச்சுட்டுத் தண்ணி வைக்காம விட்டுராதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். தண்ணி வெச்சா தரை நனையுதுன்னா தீனியையும் எடுத்துருங்க.

கொழிஞ்சாம்பாறை தோட்டம்:
டேங்கை நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஹாலோபிளாக் சுவர் மேல பக்கத்துல பக்கத்துல கவுத்து வெச்சா? கூரையும் ஆச்சு, இடமும் இரட்டிப்பாச்சு. சுவருக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சாண் வலை. தரைக்குத் தேங்காய் நார்த்தூள், பொள்ளாச்சியில மலிவாக் கிடைக்குதுங்க.

முஞ்சிறைக்காரன்:
ரெண்டு கூரையும் சேருற இடத்துல மழைத்தண்ணி உள்ளதான் இறங்கும்.

வேலந்தாவளம் அக்கா:
தகரத்தை மடிச்சு ஓடை மாதிரி வெச்சா வெளிய போயிரும். எங்க ஊர்ல அவ்வளவு மழை எங்க தம்பி பெய்யுது? அறுத்த விளிம்புக்குப் பழைய தோட்டக்குழாயைக் கீறி மாட்டுங்க, இல்லைன்னா கையைக் கிழிச்சிரும்.

முஞ்சிறைக்காரன்:
நார்த்தூளு நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும், வாத்துக்கு மூச்சடைக்கும். உமி போடுங்க. கூரையைப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான்.