சின்ன ஸ்கீ மலை: மோகல் சரிவை மட்டம் தட்டாமல் விடலாமோ?

கோண்டாவிலான்:
வணக்கம். யாழ்ப்பாணத்து வெயிலுக்குள்ள இருந்து ஸ்னோவைப் பற்றிக் கேக்கிறான் எண்டு சிரிக்காதேங்கோ. இந்தக் குழுவில ஸ்கீ மலையில வேலை செய்துபோட்டு ஊருக்குத் திரும்பின ஆக்கள் இருக்கினம் எண்டபடியால்தான் கேக்கிறன். என்ர தம்பி ஒன்ராறியோவில ஒரு சின்னக் கழக ஸ்கீ மலையின்ர நிர்வாகத்தில இருக்கிறான். அடியில இருந்து உச்சிக்கு 90 மீற்றர். எட்டுச் சரிவு, ஸ்னோவை மட்டம் தட்டுற ஸ்னோகாட் மெசின் ஒரேயொண்டு, சாய்வில அதைப் பிடிச்சு இழுக்கிற கம்பிவட வின்ச்சும் இல்லை. கிழக்குப் பக்கச் சரிவொண்டு 180 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், நடுவில 24 பாகை சாய்வு. அதை இரவில மட்டம் தட்டாமல் விட்டு மோகல் (சனம் திரும்பித் திரும்பிச் சறுக்க எழும்புற ஸ்னோ மேடுகள்) வளரவிடுவம் எண்டு இளம் ஆக்கள் கேக்கினம், பழைய ஆக்கள் ஏலாது எண்டுகினம். ஞாயிறு கூட்டம். ரெண்டு பக்க நியாயத்தையும் எழுதிவிடுங்கோ.

பினாட்டு:
மோகல் எண்டால் அக்பர், ஷாஜகான் வழியோ?

சறுக்கல்:
அவையளுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஒஸ்திரியா, பவேரியாப் பக்கத்துப் பேச்சில ‘மூகல்’ எண்டால் சின்னத் திட்டி. அங்கயிருந்து வந்த சொல்.

கோண்டாவிலான் அண்ணை, என்ர வாக்கு விடச்சொல்லித்தான். 180 மீற்றர் மட்டமான சரிவில கொஞ்சம் பழகின பிள்ளை 15, 20 செக்கனில அடிக்கு வந்திடும். பிறகு லிப்டுக்கு வரிசையில நிக்கவேணும். அதே சரிவில மூண்டரை மீற்றருக்கு ஒரு மேடு இருந்தால் 50 திருப்பம் போடவேணும். மலை சின்னன் எண்டதைச் சரிக்கட்ட இதைவிட மலிவான வழி இல்லை. போட்டிக்கான மோகல் தடமே 200 தொடக்கம் 270 மீற்றர்தான், சாய்வு சராசரி 28 பாகையளவு. 1992 அல்பேர்வில் ஒலிம்பிக்கில இருந்து பதக்கத்துக்குரிய விளையாட்டு. புள்ளியில 60 வீதம் திருப்பத்துக்கு, பாய்ச்சலுக்கு 20, வேகத்துக்கு 20. திருப்பம் பழகப் பெரிய மலை தேவையில்லை. 2018 இல தங்கம் எடுத்த மிக்காயெல் கிங்ஸ்பெரி சின்ன வயசில பழகின கியூபெக் சென் சோவேர் மலைக்கும் 213 மீற்றர்தான் உயரம்.

இரும்புச்சில்லு:
தம்பி சறுக்கல், 213 உம் 90 உம் ஒண்டில்லை. அதைவிட முக்கியம், ஒன்ராறியோச் சின்ன மலையில கிடக்கிறது அரைவாசிக்கு மேல பீரங்கியால, அதாவது தண்ணியைத் தூவி உறைய வைக்கிற மெசினால, அடிச்ச ஸ்னோ. வானம் சும்மா தந்ததில்லை, தண்ணியும் கரண்டும் குடுத்து வாங்கினது.

கணக்கைப் பாருங்கோ. 180 ஐ 30 ஆல பெருக்கினால் 5,400 சதுர மீற்றர். மட்டமான சரிவுக்கு 60 சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் வண்டி ஓடும். மோகலுக்கு அது காணாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில 60, 70 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். பள்ளத்தின்ர அடியிலயும் ஒரு முழம் மிச்சம் இருக்காட்டி புல்லும் கல்லும் தெரியும். ஆகக் குறைஞ்சது சராசரி 90 வேணும். கூடுதலா 1,620 கன மீற்றர். அடிச்ச ஸ்னோ கன மீற்றருக்கு 450 கிலோ எண்டு வைச்சால் 7 லட்சத்து 29 ஆயிரம் லீற்றர் தண்ணி. எங்கட ஊர் 7,000 லீற்றர் பவுசரில 104 தரம். ஒரு சரிவுக்கு!

கோண்டாவிலான்:
அண்ணை, மெசின் ஓடாத இரவுக்கு டீசல் மிச்சம் எண்டுதானே இளம் ஆக்கள் சொல்லுகினம்?

இரும்புச்சில்லு:
அது வெறும் கதை. மெசின் ஒருக்காப் போனால் 5 மீற்றர் அகலம் பிடிக்கும், ஓரம் ஏறவிட்டால் 30 மீற்றருக்கு ஏழு ஓட்டம். திருப்பத்தையும் சேர்த்து 15, 20 நிமிசம். மணிக்கு 25 லீற்றர் எண்டாலும் ஏழெட்டு லீற்றர்தான் மிச்சம். முத்தின மோகலைத் திரும்ப மட்டமாக்கப் போனால் மூண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. பத்துப் பன்னிரண்டு இரவு மிச்சம் பிடிச்சதை ஒரே நாளில விட்டிடுவியள்.

அதுவும் ஸ்னோ இளகின நேரத்தில போனால்தான். இறுகின பிறகு போனால் பிளேட் மேட்டில ஏறி வழுக்கும். பின்னால ஸ்னோவைக் கிளறி அரைக்கிற ரில்லர் வெட்டாது, துள்ளும், பல்லு உடையும். உடைஞ்ச ஐஸ் தேங்காயளவு கட்டி கட்டியாச் சரிவெல்லாம் கிடக்கும். அடுத்த நாள் காலமை அதுக்கு மேல பிள்ளையளை விடுவியளோ?

கிரவல்றோட்:
ஸ்கீ எனக்குத் தெரியாது, றோட் தெரியும். நீங்கள் எழுதிறதைப் பாக்கக் கிரவல் ஒழுங்கையில அலை அலையா எழும்புமே, அதுதான் ஞாபகம் வருது. கிறேடர்காரர் விடுற பிழை, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பிறது. நிரப்பினது பொருபொருத்த மண், பக்கத்தில கிடக்கிறது இறுகின மண். நாலு ரிப்பர் ஓடினால் அதே இடத்தில அதே அலை. பள்ளத்தின்ர அடி மட்டத்துக்கு வெட்டி இறக்கி, புரட்டி, திரும்ப இறுக்கினால்தான் நிக்கும். ஸ்னோவிலயும் அப்பிடியோ?

இரும்புச்சில்லு:
சொல்லி வைச்ச மாதிரி அப்பிடித்தான். மேட்டின்ர வயித்துக்குள்ள இறுகின பழைய ஸ்னோ, பள்ளத்துக்குள்ள தள்ளினது புதுசு. மேலால பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும், மூண்டாம் நாள் பழைய மேடு முதுகைக் காட்டும். மட்டம் தட்டின கையோட சனத்தையும் விடக்கூடாது. ரில்லர் அடிச்ச ஸ்னோ மணியோட மணி ஒட்டி இறுகச் சில மணித்தியாலம் வேணும். அதுக்குத்தான் இரவில ஓடுறது.

சறுக்கல்:
கிரவல் அண்ணைக்கு ஒரு புதினம். றோட்டு அலை வண்டி போற திசையில மெல்ல மெல்ல நகரும். மோகல் எதிர்ப்பக்கம், மலையில மேல் நோக்கி ஏறும். ஒவ்வொருத்தரும் மேட்டின்ர கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டு போய், அடுத்த மேட்டின்ர மேல்முகத்தில அந்த ஸ்னோவைக் கொட்டுகினம். கீழ்ப்பக்கம் தேய, மேல்பக்கம் வளர, மேடு முழுக்க மேல ஏறிற மாதிரி ஆகும். கொலராடோவில அளந்து பாத்திருக்கினம், நாளுக்கு 8 சென்ரிமீற்றரளவு. ஒரு சீசனில பத்து மீற்றர்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், மோகல் தானா வளருது எண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது. இரும்புச்சில்லு அண்ணை சொல்லுறதெல்லாம் கவனிக்காமல் விட்ட மோகலுக்குச் சரி. முறையாச் செய்யிறது வேற. முதல் சரிவை மட்டமாக்கி இறுக விடவேணும். பிறகு பிளேட்டால மூண்டரை மீற்றருக்கு ஒரு குவியல், அடுத்த வரிசை அதுக்கு இடைவெளியில வாற மாதிரித் தள்ளவேணும். கத்தரிக்கன்று நடுற மாதிரி ஒண்டுவிட்டு ஒண்டு. குவியல் முழங்கால் உயரத்துக்கு மேல வேண்டாம். பிறகு நல்லாத் திரும்பத் தெரிஞ்ச பத்துப் பேரை ரெண்டு நாள் அதில ஓட விடுங்கோ, பள்ளம் வட்டமா வரும். முதல் நாளே எல்லாரையும் விட்டால் ஸ்னோபோட்காரர் பக்கவாட்டில வழிச்சுக்கொண்டு வந்து மேட்டை நீட்டிப்போடுவினம், அகல ஸ்கீக்காரர் குறுக்கால வெட்டுவினம். கோணல் மாணலாகின மேட்டைப் பிறகு ஒருத்தராலயும் திருத்த ஏலாது.

வாரத்துக்கு ரெண்டு தரம் சவல் எடுத்துப் பள்ளத்து ஐஸைக் கொத்தவேணும். கொத்தின தூளை மேட்டின்ர மேல்முகத்தில போட்டால் அடுத்தாளுக்குப் பிடிப்பு.

நல்லூரக்கா:
ரெண்டு பேரும் ஸ்னோவைப் பற்றியே கதைக்கிறியள், காயப்பட்டவனைக் கீழ கொண்டுவாறதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. 30 மீற்றரையும் மோகலா விட்டால் பற்றோல் ஸ்லெட் எதால வாறது? ஸ்லெட்டின்ர முன்பக்கம் ஒரு மேட்டிலயும் பின்பக்கம் இன்னொரு மேட்டிலயும் ஏறினால் நடுவில அந்தரத்தில நிக்கும். கைபிடிக்காரர் ஒரு கால் தவறினால் ஸ்லெட் புரளும். முதுகெலும்பில அடிபட்டவன் அதுக்குள்ள இருந்தால் என்ன செய்யிறது?

அதால பாதிக்குப் பாதி. மெசினால மூண்டு ஓட்டம், 14 மீற்றர் மட்டம்; மிச்சம் 16 மீற்றர் மோகல். பயந்துபோன பிள்ளை அரைவாசியில ஒதுங்கி வெளிய வரவும் அந்தப் பாதைதான். மோகல் முடியிற அடியில 20, 30 மீற்றர் வெறுமையா விடுங்கோ, தொடக்கக்காரரின்ர சரிவு அதில வந்து சேரக்கூடாது. பள்ளத்தில புல்லுத் தெரிஞ்சால் மூங்கில் கம்பு நட்டு மறியுங்கோ. மழை பெய்து அண்டிரவே உறைஞ்சால் மோகல் பக்கம் மூடல். இதைச் சீசன் தொடங்க முதல் எழுதி ஒட்டவேணும். அண்டு காலமை நிண்டு வாதாடக்கூடாது.

இரும்புச்சில்லு:
அக்கா சொல்லுறதை ஏற்கிறன். பாதி எண்டால் நான் மேல போட்ட தண்ணிக் கணக்கும் அரைவாசிக்கு இறங்கும். ஆனா ஒண்டு கேக்கவேணும். கிழக்குப் பக்கச் சரிவு எண்டு கோண்டாவிலான் எழுதியிருக்கிறார். மலையின்ர கிழக்கு ஓரமோ, கிழக்கைப் பாத்த சரிவோ? ரெண்டும் ஒண்டில்லை. தெற்கோ மேற்கோ பாத்ததெண்டால் பின்னேர வெயில் மேட்டின்ர ஒரு பக்கத்தை உருக்கும், பள்ளம் நிழலில கிடக்கும். இரவு எல்லாம் சேர்ந்து கண்ணாடியாகும்.

கோண்டாவிலான்:
தம்பியிட்டக் கேட்டன். மலையின்ர கிழக்கு ஓரம். பாக்கிறது தென்மேற்கு.

பினாட்டு:
போச்சுடா.

சறுக்கல்:
போகேல்லை. ஜனவரியில அங்க சூரியன் பதிவு, வெயிலுக்குச் சூடில்லை. பெப்ரவரி நடுப்பகுதி மட்டும் பயமில்லை. அதுக்குப் பிறகு வெப்பம் சுழியத்துக்கு மேல போற முதல் நாள் மத்தியானம், மேடு மெத்தெண்டு இருக்கேக்க மெசினை ஏத்தி வெட்டி இறக்கவேணும். ஒரு தரம் பழையபடி மட்டமாக்கி, திரும்பக் குவியல் போட்டால் மார்ச் வரைக்கும் இழுக்கலாம்.

இரும்புச்சில்லு:
மத்தியானம் எண்டு எழுதுறது லேசு. மத்தியானம் மலை திறந்திருக்கும். மெசின் ஏற அந்தச் சரிவை மூடிக் கயிறு கட்டவேணும், ஆள் காவல் நிக்கவேணும். மெசின் ஓட்டுறவர் பகலில வருவாரோ?

கோண்டாவிலான்:
அதையும் கேட்டன். அவர் பகலில வேற வேலை. வாரத்தில நாலு இரவு, எட்டு மணிக்குப் பிறகுதான் வாறவர்.

இரும்புச்சில்லு:
எட்டு மணிக்கு எல்லாம் இறுகிப்போய்க் கிடக்கும். அப்ப 16 மீற்றரும் வேண்டாம். சரிவின்ர கீழ்ப்பாதியில ஓரமா 8 மீற்றர் அகலம், 60 மீற்றர் நீளம் குடுங்கோ. 480 சதுர மீற்றர், மெசின் இல்லாமல் சவலாலயே பாக்கலாம். ஸ்னோ பீரங்கியும் ஒண்டு காணும்.

சறுக்கல்:
60 இல 17 மேடுதான் வரும். மூச்சுப் பிடிக்க முதல் முடிஞ்சிடும். 100 குடுங்கோ.

இரும்புச்சில்லு:
திருநெல்வேலிச் சந்தையில கத்தரிக்காய் கேக்கிற மாதிரிக் கேக்கிறாய். 80.

சறுக்கல்:
சரி, 80. சாய்வு 20 பாகைக்குக் குறையாத இடமாப் பாத்து.

நல்லூரக்கா:
80 மீற்றருக்கு 23 பள்ளம், அகலத்துக்கு ரெண்டு வரிசை. கிழமைக்கு ரெண்டு தரம் 46 பள்ளம் கொத்தவேணும். கோண்டாவிலான் தம்பி, மோகல் கேக்கிற இளம் ஆக்களில சவல் பிடிக்க வாறது எத்தினை பேர் எண்டு பெயரோட எழுதி வாங்கிப்போட்டு ஞாயிறு கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கோ.

கோண்டாவிலான்:
சொல்லிப்போட்டன் அக்கா. இப்ப மட்டும் ரெண்டு பெயர் வந்திருக்கு. அதில ஒண்டு என்ர தம்பியின்ரை.