கோ-5 புல்லில் தண்டை மாடு ஒதுக்குது, பாலும் குறையுது. புல்லை அழிச்சிடலாமா?

புதுப்பண்ணையம் (ஈரோடு மாவட்டம்)
வணக்கம்ங்க. கட்டுத்தறியில மூணு கலப்பின மாடு இருக்குது. போன வருசம் 50 சென்ட்ல கோ-5, அதாங்க கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லு, கரணை வெச்சேன். நல்லா தூர் கட்டி ஆளுயரத்துக்கு மேல நிக்குதுங்க. ஆனா ரெண்டு மாசமா மாடு தோகையை மட்டும் உருவித் தின்னுட்டு தண்டைத் தள்ளிடுது. காலையில தொட்டியைப் பார்த்தா தண்டு விறகாட்டம் கிடக்குது. ரெண்டு நேரமும் சேர்த்து 24 லிட்டர் கறந்தது இப்ப 19. தவிடு, புண்ணாக்கு எதையும் குறைக்கலீங்க. கரணை கொடுத்தவர் ரகத்தை மாத்திட்டாரோன்னு சந்தேகம். எல்லாத்தையும் அழிச்சிட்டு சூப்பர் நேப்பியர் வைக்கலாமா? இன்னொரு தடவை செலவு பண்ணித் தோற்கத் தெம்பு இல்லைங்க.

மேட்டுக்காடு
நான் சூப்பர் நேப்பியர்தான் வெச்சிருக்கேன். தாய்லாந்து ரகம், பாக்சோங்னு சொல்லுவாங்க. அடர்த்தியா வருது. மாத்திப் பாருங்க.

பட்டிக்காரர்
தம்பி, அவசரப்பட்டு ஏர் ஓட்டிடாதீங்க. மூணு விசயம் சொல்லுங்க. ஒரு இடத்துல அறுத்தா மறுபடி அதே இடத்துக்கு எத்தனை நாள்ல வர்றீங்க? புல்லு நறுக்குற மிசின்ல வெட்டிப் போடுறீங்களா, முழுசாவா? ஒரு சென்ட் புல்லு எத்தனை நாளைக்கு வருது?

புதுப்பண்ணையம்
கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு வரிசையா அறுத்துட்டு வர்றேங்க. நாள் கணக்கு வெச்சதில்லை. ஒரு சென்ட் ஒன்றரை நாளைக்கு வருது. முழுசாத்தான் போடுறேன், மிசின் இல்லை.

பட்டிக்காரர்
அதுலயே விடை இருக்குதுங்க தம்பி. 50 சென்ட், சென்ட்டுக்கு ஒன்றரை நாள். திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கு வர 75 நாள் ஆகுது. நட்ட புல்லை முதல் அறுப்புக்கு 75 நாள் விடலாம். அதுக்கப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா அறுத்தே ஆகணும். வருசத்துக்கு ஏழு அறுப்புங்கறது அந்தக் கணக்குலதான். உங்க மாடு தின்னுறது ஒரு மாசம் முத்தின புல்லு. ரகத்துல குத்தமில்லை. மூணு மாட்டுக்கு இடம் அதிகமாப் போச்சு, அவ்வளவுதான்.

இப்பவே காட்டுக்குப் போங்க. கடைசியா அறுத்து 40 நாள் ஆன தூர்ல ஒரு தண்டை ஒடிச்சு கட்டைவிரல் நகத்தால கீறுங்க. நகம் இறங்கும், சாறு கசியும். நீங்க நாளைக்கு அறுக்கப் போற தண்டைக் கீறுங்க, நகம் வழுக்கும். உள்ள நெட்டி வெள்ளையா, நாரோட இருக்கும். சூப்பர் நேப்பியரை 75 நாள் விட்டாலும் இதே கதைதான்.

30 சென்ட்டை மட்டும் அறுப்புக்குன்னு கயிறு கட்டிப் பிரிச்சுக்கோங்க. தினமும் முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவா அறுத்தா 45 நாள்ல சுத்து முடியும். அறுக்கும்போது தரையை ஒட்டி அறுங்க. முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டா மேல்கணுவுல இருந்து ஈர்க்குச்சியாட்டம் பொடி முளைதான் வரும். அறுத்த கையோட சென்ட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சித்த மேல யூரியா போட்டு தண்ணி கட்டுங்க. யூரியா போட்டு தண்ணி இல்லாம வாடின இளம்புல்லை மட்டும் மாட்டுக்குப் போட்டுடாதீங்க. நைட்ரேட் விஷம் ஏறி, கண்ணு முன்னால மாடு விழுந்துடும்.

மிசின் கட்டாயம் வாங்குங்க. ரெண்டு இஞ்ச் துண்டாப் போட்டா தோகை வேற, தண்டு வேறன்னு மாட்டால பிரிக்க முடியாது.

மருந்துப்பெட்டி
நான் கால்நடை மருத்துவர். அண்ணன் சொன்னது சரி. ரெண்டு விசயம் சேர்த்துக்கிறேன். கன்று ஈன்று மாசம் கூடக் கூட பால் கொஞ்சம் இறங்குறது இயல்பு. அஞ்சு லிட்டர் குறைஞ்சதை முழுக்கப் புல்லு மேல போடாதீங்க. அடுத்தது, நேப்பியர் வகைப் புல்லுல ஆக்சலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இதை மட்டுமே போட்டு வளர்க்குற மாட்டுக்கு தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் கொடுத்தே ஆகணும். மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகைத் தீவனம் கலந்தா இன்னும் நல்லது. மீதி 20 சென்ட்ல அந்தப் பயறு வகைத் தீவனமான வேலிமசால் போடுங்க.

புதுப்பண்ணையம் (ஏழு வாரம் கழிச்சு)
அண்ணா, நகத்தால கீறிப் பார்த்த அன்னிக்கே புரிஞ்சுடுச்சுங்க. கயிறு கட்டி 30 சென்ட்ல முதல் சுத்து முடிஞ்சுது. பழைய மிசின் ஒண்ணு வாங்கினேன். தொட்டி காலியாகுது, பால் 21 லிட்டருக்கு வந்து நிக்குது. மாத்தின ரகம்னு கரணை கொடுத்தவரைத் தப்பா நினைச்சுட்டேன், நேர்ல போய் சொல்லிட்டு வந்தேன். 20 சென்ட் புல்லைப் பறிச்சுட்டு வேலிமசால் விதைச்சேன், ஆனா அங்கொண்ணு இங்கொண்ணுதான் முளைச்சிருக்குது. விதை கெட்டுப் போச்சுங்களா?

பட்டிக்காரர்
கெடலை தம்பி, தோல் கெட்டி. தண்ணியைக் கொதிக்க வெச்சு இறக்கி, கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்ததும் விதையைப் போட்டு அஞ்சு நிமிசம் வைங்க. வடிச்சு, பச்சைத் தண்ணியில அலசி, நிழல்ல உலர்த்தி விதைங்க. காலி விழுந்த இடத்துல மட்டும் மறுபடி போட்டாப் போதும். முதல் அறுப்புக்கு 90 நாள் பொறுங்க.